பல குடும்பக் கருவிகள் ஒரு மனையில் இயங்குமாறு

கல்முனைப் பகுதியிலே சற்றுப் பழைய கல்வீடொன்றினுள் நுழைந்து அதன் சுவர்களிலுள்ள மின்குதைகளை நோக்குவோர் மூன்று வடிவங்களைக் காண்பர். வட்டமுனைகள் மூன்றுடைய 5 அம்பியர்க் குதை ஒன்று. அதே உருவிற் பருத்த முனைகளுக்கென அமைந்த 15 அம்பியர்க் குதை மற்றொன்று. சதுரமுனைகளை ஏற்கும் 13 அம்பியர்க் குதை வேறொன்று. முதலிரண்டும் பழைய பிரித்தானிய நியமத்தைச் சார்ந்தவை. மூன்றாவது, இரண்டாம் உலகப்போரின் பின்னர்ச் செம்பு அரிதாயிருந்த காலத்தில், வீடுகளுக்குக் கம்பியிடுஞ் செலவைச் சுருக்கும் நோக்குடன் வகுக்கப்பட்டு, 1947 இல் பிரித்தானியாவில் வெளியிடப்பெற்ற நியமத்தின் வழிவந்தது. மூன்றிலும் ஓடுவது ஒரே மின்சாரந்தான்: 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. ஆயினும் ஒன்றன் செருகி மற்றொன்றனுட் புகாது. புதிதாய் வாங்கிய ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையிலேந்தி, அதற்குப் பொருந்துங் குதையைத் தேடி அறைதோறும் அலைந்த அனுபவம் நம்முட் பலர்க்கும் உண்டு. சென்ற பத்தாண்டின் பிற்பகுதியிலே இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர்ச் சதுரமுனையையே நாட்டின் பொது நியமமாகத் தெரிந்தெடுத்தது. முடிவு எளிது; சுவரிற் பதிந்த குதைகள் மாறுதற்கோ ஒரு தலைமுறை செல்லும்.

வடிவத்தாற் பிறந்த இவ்விடர், இப்பொழுது மொழியாற் பிறக்கும் இடராக உருமாறி, நம் வீடுகளுக்குள் மீண்டும் நுழைந்துள்ளது. அதன் தன்மையையும், அதனை நீக்குதற்கு இன்றுள்ள வழிகளையும், அவ்வழிகளுள் இக்கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது எதுவென்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டிலுள்ள விளக்கு, விசிறி, பூட்டு, நீரிறைக்கும் இயந்திரம் முதலியன தம் நிலையைத் தாமே உணர்ந்து, பிறவற்றோடு செய்தி பரிமாறி, ஏவலுக்கிணங்க இயங்குமாயின் அவற்றை ஆங்கிலேயர் ஒரு சிறப்பு அடைமொழியால் வழங்குவர். அதனைத் தமிழிற் ‘சூட்டிகை’ என்பாரும், ‘நுண்ணறிவு’ என்பாரும், ‘திறன்’ என்பாரும் உளர். கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்து, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமைதாங்கிய விபுலாநந்த அடிகள் இன்றிருப்பின் எதனைத் தெரிவாரோ அறியோம். ஒரு மின்குமிழுக்கு அறிவு உண்டென்று சொல்ல எமக்கு மனம் இசையவில்லை. ஆதலின் இங்குத் ‘திறன்கருவி’, ‘திறன்மனை’ என்றே வழங்குவோம்.

சாய்ந்தமருதில் ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். அவ்வீட்டிலே வாப்பாவும் உம்மாவும் முதியோர். மூத்த மகன் கட்டார் நாட்டுத் தோகா நகரில் தொழில் புரிகின்றான். விடுமுறையில் வந்தபோது அவன் அமசொன் நிறுவனத்தின் எக்கோ என்னும் பேசுங் கருவியைக் கொணர்ந்து கூடத்தில் வைத்தான். பேராதனையிற் பயிலும் மகளின் கையில் இருப்பது அப்பிள் தொலைபேசி. மருமகனிடம் இருப்பது கூகிளின் ஒழுங்கில் இயங்குவது. கடைத்தெருவிற் குறைந்த விலைக்கு வாங்கிய மின்குமிழ்களும் செருகிகளும் துயா என்னும் சீன நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டவை. வாயிற்படக்கருவி பிறிதொரு நிறுவனத்தது. கூரைமேலுள்ள சூரியத் தகடுகளின் இன்வேட்டருக்கு வேறொரு செயலி. கிணற்று இயந்திரத்தின் ஆளிக்கு இன்னொன்று. இவ்வாறு ஐந்தாறு செயலிகள், அவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு, ஒவ்வொரு கடவுச்சொல். கணக்குகளுட் பெரும்பாலானவை மகனின் பெயரில் உள்ளன. எனவே மாலையில் வாயில்விளக்கு எரியாவிடின், உம்மா அவ்விளக்கின் அடியில் நின்றுகொண்டே தோகாவுக்கு அழைத்து, “மகன், விளக்கைக் கொஞ்சம் போட்டு விடுங்க” என்று கேட்கவேண்டிய நிலை உண்டாகின்றது. இதனைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். பாலைவெயிலில் உழைத்தனுப்பிய பணம், வீட்டின் ஆட்சியை வீட்டிலிருப்போர் கையினின்றும் பிரித்துவிட்டதென்பதே இதன் பொருள்.

கருவிகள் ஒன்றையொன்று அறியாதிருத்தற்குக் காரணம் யாது? இதனை உணர்தற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

மனைக்கருவிகளைத் தொலைவிலிருந்து ஏவும் முறைகளுட் பரவலாக வழங்கிய முதன்முறை, ஸ்கொத்லாந்திலே பைக்கோ இலெக்ரோனிக்ஸ் என்னும் நிறுவனத்தார் 1975 இல் அமைத்த எக்ஸ்-10 என்பதாகும். இதற்குப் புதிய கம்பியெதுவும் வேண்டியதில்லை. வீட்டின் மின்கம்பியே செய்தியையுஞ் சுமந்தது. ஆடலோட்டமானது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூச்சியத்தைக் கடக்கும். நமது 50 சுற்று மின்சாரம் செக்கனுக்கு நூறுமுறை அவ்வாறு கடக்கும். மின்னழுத்தம் ஒடுங்கிக் கம்பி அமைதியுறும் அந்தக் கணத்திலே 120 கிலோஹேட்ஸ் மீடிறனுடைய சிறு துடிப்பொன்று அனுப்பப்படும். துடிப்பிருந்தால் ஒன்று, இல்லையேற் பூச்சியம். பதினாறு வீட்டுக்குறிகள், அவை ஒவ்வொன்றினுள்ளும் பதினாறு கருவியெண்கள், ஆக 256 முகவரிகள். முறை மிக மெதுவானது. அடுத்த வீட்டுக்காரரும் அதே குறியை வைத்திருந்தால் அவர் பொத்தானை அழுத்த நம் விளக்கு எரிதலும் உண்டு. எனினும், ஏவல் சென்றவழி முழுவதும் வீட்டினுள்ளேயே இருந்தது என்பதை நினைவிற் கொள்க. பிற்காலத்தில் நாம் இழந்தது அதனையே.

பின்னர்க் கம்பியை விடுத்து வானலையை நாடினர். தென்மார்க்கில் இசற்-வேவ் பிறந்தது. 802.15.4 என்னும் இலக்கமுடைய வானலை நியமத்தின் மேல் 2004 இல் சிக்பீ எழுந்தது. இவற்றின் சிறப்பு யாதெனின், ஒவ்வொரு கருவியும் தனக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்திவிடும். அதனாற் சிறிய மின்கலத்தையுடைய உணரியும் வீட்டின் மறுகோடிவரை பேசவல்லதாகும். சிக்பீ ஒரே பெயருடையதாயினும், விளக்குகளுக்கு ஒரு வழக்கும் ஏனைய வீட்டுக்கருவிகளுக்கு வேறொரு வழக்கும் அதனுட் பிரிந்து நின்றன. ஆகவே ‘சிக்பீ’ முத்திரை பொறித்த இரு பெட்டிகளை வாங்கியவர், அவை தம்முட் பேசாதது கண்டு திகைத்தனர். இப்பிரிவுகளை ஒன்றாக்கிய மூன்றாம் பதிப்பு வருதற்குப் பத்தாண்டுக்கு மேற் சென்றது.

இதனிடையே பெருநிறுவனங்கள் களத்தில் இறங்கின. 2012 இல் பிலிப்ஸ் தன் ஹியூ விளக்குகளை வெளியிட்டது. 2014 ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டுத் தொடக்கத்திற் கூகிள் நெஸ்ற் நிறுவனத்தை 3.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஜூனில் அப்பிள் தன் ஹோம்கிற்றை அறிவித்தது. ஓகஸ்டிற் சம்சுங் ஸ்மாட்திங்ஸை வாங்கியது. நவம்பரில் அமசொன் எக்கோவை வெளியிட்டது. ஒரு மின்குமிழை விற்று இவர்கள் பெறும் ஊதியம் அற்பமே. மனையின் வாயிலைக் காக்கும் உரிமையையே இவர்கள் நாடினர். ஒருவருடைய விளக்கும் பூட்டும் ஒரு நிறுவனத்தின் மொழியையே பேசுமாயின், அடுத்து வாங்கும் பொருளும் அந்நிறுவனத்தோடு இசைவதாகவே இருத்தல் வேண்டும். வீடு முழுவதும் மாற்றினாலன்றி அவர் வெளியேற முடியாது. எனவே கருவிகள் பேசாதிருந்தமை தொழினுட்பத்தின் குறைபாடு மட்டுமன்று. அதிற் பெரும்பகுதி வணிகத்தின் விருப்பமாகும்.

இங்கு மாணாக்கர் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் நன்று. “எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவே, பின்னர் ஏன் பேசவில்லை?” என்று பலர் வினவுவர். கல்முனைத் தபாற் கந்தோரிற் சேர்த்த கடிதம் காலிக்குச் சென்று உரியவர் கையிற் சேர்கிறது. அவர் சிங்களம் மட்டுமே அறிந்தவராயின், தமிழில் எழுதிய கடிதம் சேர்ந்தும் செய்தி சேரவில்லை. வைஃபை என்பது தபால் மட்டுமே. ‘விளக்கை அரைவாசி ஒளிக்குக் குறை’ என்பதனை எந்தச் சொல்லால், எந்த வரிசையில், எந்த எண்ணால் எழுதுவது என்பது வேறு. இதனையே நடப்பொழுங்கு என்பர். துயாவின் குமிழுக்கு ஒளியளவு 10 முதல் 1000 வரையுள்ள எண்ணாக இருத்தல் கூடும். சிக்பீயில் அஃது 254 வரை செல்லும். பிறிதொன்று நூற்றுக்கு இத்தனை என்று எண்ணும். இன்னும் வியப்பு யாதெனின், சிக்பீயும், 2014 இல் அறிவிக்கப்பட்ட திரெட் என்னும் வலையமைப்பும் ஒரே 802.15.4 வானலையையே பயன்படுத்துகின்றன. ஒரே காற்று, ஒரே அலை; ஆயினும் ஒன்றன் பேச்சு மற்றொன்றற்கு இரைச்சலே.

இவற்றை ஒன்றுசேர்க்க இன்று மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, முகில்வழி இணைப்பு. பெரும்பாலோர் அறியாமலே கைக்கொள்வது இதுவே. சாய்ந்தமருது வீட்டில் எக்கோவை நோக்கி விளக்கை ஏற்றுமாறு சொன்னால், அக்குரல் கடல் கடந்து அமசொனின் சேவையகக் கணினியை அடையும். அங்குச் சொல்லாகப் பிரிக்கப்பட்டு, துயாவின் சேவையகத்துக்கு ஏவலாக அனுப்பப்படும். துயாவின் சேவையகம் மீண்டும் கடல் கடந்து, சாய்ந்தமருதில் எக்கோவிலிருந்து நாலு முழத் தூரத்தில் உள்ள குமிழுக்கு அதனைத் தெரிவிக்கும். இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்தல் வியப்புக்குரியதே. ஆனால் இவ்வழியிலே எத்தனை கண்ணிகள் உள்ளனவென்று எண்ணிப்பாருங்கள். அவற்றுள் எதுவொன்று அறுந்தாலும் விளக்கு எரியாது.

முதலில் அறுவது இணையம். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். மின்சாரமில்லாதபோது திறன்விளக்கும் எரியாதுதானே என்பர். இன்வேட்டரும் மின்கலமும் உள்ள வீடுகளில் விளக்கு எரியும். ஆனால் ஊரின் இணையக் கோபுரமோ இடைநிலையமோ ஓய்ந்திருக்கும். மின்சாரம் இருந்தும் ஏவல் செல்லாது. இரண்டாவது, நிறுவனமே மறைந்துபோதல். றிவோல்வ் என்றொரு மையக்கருவி இருந்தது. ஏறக்குறைய 300 டொலர் விலையில் விற்கப்பட்ட அதனை நெஸ்ற் நிறுவனம் 2014 இல் வாங்கி, 2016 மே 15 இல் அதன் சேவையகத்தை நிறுத்திவிட்டது. வாங்கியோர் கையிலிருந்த கருவிகள் பழுதெதுவுமின்றியே பயனிழந்தன. 2022 ஏப்பிரிலில் இன்ஸ்ரியொன் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவித்தல் ஏதுமின்றி அணைந்தன. பின்னர் அவ்வாண்டு ஜூனில் வாடிக்கையாளர் சிலரே கூடி அதனை வாங்கி உயிர்ப்பித்தனர். இவ்விடையிலே, தம் வீட்டுக் கணினியோடு அக்கருவிகளை நேரே பிணைத்திருந்தோர் மட்டும் ஒரு வேறுபாட்டையும் உணரவில்லை. பணக்கார நாட்டிலே 300 டொலர் போயிற்றென்று ஒருவர் வருந்துவார். இங்கு அஃது ஒருவரின் பல வார உழைப்பாகும்.

இரண்டாவது வழி, பகைவர் தாமே கூடி வகுத்த பொது மொழி. 2019 டிசெம்பர் 18 இல் அமசொன், அப்பிள், கூகிள் ஆகிய மூன்றும் சிக்பீக் கூட்டமைப்புடன் சேர்ந்து ஒரு பொது நியமத்தை ஆக்கப்போவதாக அறிவித்தன. 2021 மே மாதத்தில் அதற்கு மற்றர் என்று பெயரிட்டனர். கூட்டமைப்பும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. முதற் பதிப்பு 2022 ஒக்டோபர் 4 இல் வெளிவந்தது. தொடக்கத்தில் விளக்கு, செருகி, பூட்டு, திரை, உணரி முதலியவற்றுக்கே இடமிருந்தது. 2023 இல் குளிர்பெட்டி, மின்விசிறி, புகையுணரி முதலியன சேர்ந்தன. 2024 நவம்பரில் வெளியான பதிப்பிற் சூரியத் தகடும் மின்கலமும் இடம்பெற்றன.

இந்நியமத்தின் அமைப்பை விளக்குதற்கு மருதமுனைக்காரரே தக்கவர். மற்றரை வகுத்தோர் ஒரு வீட்டின் கருவிக்கூட்டத்துக்கு வைத்த பெயர், ஆங்கிலத்தில் நெய்த துணியைக் குறிப்பது. நாம் அதனை ‘நெசவு’ என்போம். கைத்தறியிற் பாவு நூல்கள் முன்னரே கட்டப்பட்டிருக்கும். ஊடை பின்னர் ஓடும். அதுபோல, ஒரு நெசவை ஆளுங் கருவி முதலில் தனக்கென ஒரு மூலச் சான்றிதழை உண்டாக்கிக்கொள்ளும். புதிய மின்குமிழ் வந்ததும், அதன் உடலிற் பொறித்த கியூ.ஆர். குறியை அல்லது பதினோரிலக்க எண்ணைத் தொலைபேசி வாசிக்கும். புளூடூத் வழியாக இரண்டும் மெல்லப் பேசும். குமிழ், தான் உண்மையான உற்பத்தியாளர் ஆக்கியதென்பதற்குத் தன்னுட் பதித்த சான்றிதழைக் காட்டும். அது செல்லுமாயின், இந்நெசவின் உறுப்பினன் என்னும் புதிய சான்றிதழ் அதற்கு வழங்கப்படும். அதன்பின் எல்லாப் பேச்சும் மறைகுறியிலேயே, வீட்டினுள்ளேயே, வைஃபை, கம்பி, அல்லது திரெட் வழியாக நடைபெறும். கடல் கடக்க வேண்டியதில்லை.

இதன் சிறந்த கூறு இனியே வருகின்றது. ஒரு கருவி ஒரே வேளையிற் பல நெசவுகளில் உறுப்பாகலாம். குறைந்தது ஐந்து நெசவுகளுக்கு இடமளித்தல் வேண்டுமென்பது நியமத்தின் கட்டளை. எனவே சாய்ந்தமருது வீட்டின் விளக்கொன்று எக்கோவின் நெசவிலும், மகளின் அப்பிள் நெசவிலும், மருமகனின் கூகிள் நெசவிலும் ஒருங்கே இருக்கலாம். முதல் நெசவை ஆளும் செயலியில் ‘பகிர்’ என்றால், சில நிமிட நேரத்துக்கு வாயில் திறந்து, புதிய எண்ணொன்று தோன்றும். அவ்வெண்ணைக் கொண்டு அடுத்தவர் தம் நெசவிற் சேர்ப்பர். ஒருவர் தம் நெசவிலிருந்து நீக்கினாலும் ஏனையோர் உரிமை கெடுவதில்லை. உம்மாவின் விளக்குக்கு இனித் தோகாவின் ஒப்புதல் வேண்டியதில்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும், மற்றர் முத்திரை பொறித்த பெட்டியை வாங்கியதும் எல்லா இடரும் தீர்ந்ததென்று எண்ணலாகாது. பொது மொழியிற் பொதுச் சொற்களே உள்ளன. ஏற்று, அணை, குறை, நிறம் மாற்று என்பன எங்கும் செல்லும். ஒரு நிறுவனம் தன் கருவிக்கென அமைத்த தனிச்சிறப்பு அதன் சொந்தச் செயலியிலேயே தங்கிவிடும். நியமம் ஒரு கருவிவகையை ஏற்றுக்கொண்டபின்னும், பெருநிறுவனங்களின் செயலிகள் அதனை ஏற்கப் பலகாலம் தாழ்த்துகின்றன. திரெட் வழியாக வருங் கருவிக்கு வீட்டில் ஓர் எல்லைக்கருவி வேண்டும். இரு நிறுவனங்களின் எல்லைக்கருவிகள் ஒரே வீட்டில் இரு தனி வலைகளை அமைத்துக்கொண்டு நின்றமையும் உண்டு. அவை திறவுகோலைப் பகிரும் முறை 2024 செப்டெம்பரில் வெளியான திரெட் பதிப்பிலேதான் நியமமாயிற்று. இவற்றினும் மேலாக, நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள மலிவான குமிழ்களும் ஆளிகளும் மற்றரை அறியா. அவற்றை எறிந்துவிட்டுப் புதிது வாங்குக என்று அறிவுரை கூறுதல் எளிது. அப்பணத்தை அனுப்புபவர் வேறொருவர்.

அவற்றுக்குரியது மூன்றாவது வழி: வீட்டினுள்ளேயே ஒரு துபாசியை அமர்த்துதல். 2013 இல் போலஸ் ஸ்கூட்சன் என்பவர் ஹோம் அசிஸ்ரன்ற் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். அதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் தக்கதாகத் திறந்துவைக்கப்பட்டுள்ளது. 2024 ஏப்பிரிலில் அதனைப் பேணுதற்கென இலாபநோக்கற்ற அறநிலையமொன்றும் நிறுவப்பட்டது. றாஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவு கணினியில், அல்லது ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினியில் இதனை இயக்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பொருள்களோடு பேச அது கற்றிருக்கிறது. துயாவின் 1000 ஐயும் சிக்பீயின் 254 ஐயும் தன்னுள் ஒரே அளவாக மாற்றிக்கொண்டு, ஒன்றன் செய்தியை மற்றொன்றன் மொழியிற் சொல்லும். சிறிய யூ.எஸ்.பி. வானலைக்கருவி ஒன்றைச் செருகினாற் சிக்பீ உணரிகள் தத்தம் நிறுவனத்தின் பெட்டி இன்றியே அதனோடு சேரும். மற்றர் நெசவொன்றையும் அது தானே ஆளவல்லது.

இத்துபாசிகள் பலவற்றின் உள்ளே வழங்கும் செய்திமுறை எம்.கியூ.ரி.ரி. எனப்படும். 1999 இல் அன்டி ஸ்ரன்ஃபோட்-கிளாக், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் பாலைநிலத்து எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணித்தற்கு இதனை ஆக்கினர். செய்மதிக் கட்டணம் மிகுதியாதலின் ஒவ்வொரு செய்தியும் மிகச் சுருங்கியதாக இருத்தல் வேண்டியிருந்தது. ஒரு நடுவர் இருப்பார். உணரி அவரிடம் ‘தாங்கி/நீர்மட்டம்’ என்னுந் தலைப்பில் ஓரெண்ணை அறிவிக்கும். அத்தலைப்பைக் கேட்டுவைத்த கருவிகளுக்கெல்லாம் நடுவர் அதனைக் கடத்துவார். அறிவித்தவர் யார், கேட்பவர் யார் என்று ஒருவரையொருவர் அறிய வேண்டியதில்லை. எண்ணெய்க் குழாய்க்குப் பிறந்த முறை இன்று சமையலறை விளக்குக்குப் பயன்படுகின்றது.

துபாசி வீட்டிலிருப்பதால் வீட்டின் வழக்கத்தையும் அதற்குக் கற்பிக்கலாம். தொழுகை வேளைகள் கதிரவனின் நிலையைப் பொறுத்து நாடோறும் மாறுவன. ஹோம் அசிஸ்ரன்றில் அவ்வேளைகளைக் கணித்தற்கென ஒரு பகுதியே உண்டு. நோன்பு மாதத்திற் சஹர் நேரத்துக்கு முன்னர்ச் சமையலறை விளக்கு மெல்ல ஏறுமாறு ஒருமுறை எழுதிவைத்தாற் போதும். காரைதீவிலே பொழுதுபடும் வேளையில் முற்றத்து விளக்கேற்ற விரும்புவோரும் அதே கணிப்பைக் கொள்வர்.

இதற்குக் குறை இல்லையோ எனின், உண்டு. பராமரிப்பவர் ஒருவர் வேண்டும். மென்பொருள் அடிக்கடி புதுப்பிக்கப்படும், சேமிப்பட்டை பழுதுறும், ஒருமுறை முழுதும் சரிந்தால் மீட்டெடுத்தற்குப் பிரதி எடுத்துவைத்திருத்தல் வேண்டும். ஊருக்கு நால்வர் இதனைக் கற்றிருப்பின் இத்தடை நீங்கும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கணினியும் பொறியியலும் பயிலும் இளைஞர்க்கு இஃது ஏற்ற தொழிலெனவே யாம் கருதுகின்றோம். மூன்று வழிகளுள், இணையமும் மின்சாரமும் அறுதல் வழக்கமான இக்கரைக்கு மூன்றாவதையே அடித்தளமாகக் கொண்டு, புதிதாய் வாங்குவனவற்றை மற்றர் அறிந்தனவாகப் பார்த்து வாங்குதல் தக்கது. முகில்வழியைத் தோகாவிலிருந்து பார்த்தற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, நூல்கள் கூறாத சில உள்ளூர்ச் செய்திகள். நம் பழைய வீடுகளிற் பெரும்பாலும் ஆளிப்பெட்டியினுள் உயிர்க்கம்பி மட்டுமே இறங்கி மீளும். நடுநிலைக் கம்பி கூரையோடு நின்றுவிடும். திறன் ஆளிகளுட் பெரும்பாலானவை தாம் விழித்திருத்தற்கு நடுநிலைக் கம்பியை வேண்டுவன. எனவே வாங்குமுன் ஆளிப்பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்தல் நன்று. திறப்பவர் மின்வினைஞராக இருத்தல் வேண்டும். நடுநிலைக் கம்பி இல்லாவிடின் கருவியை விளக்கின் பக்கத்தே கூரையிற் பொருத்துவர். எங்குப் பொருத்தினும் சுவரிலுள்ள பழைய ஆளி வேலை செய்தல் வேண்டும். விருந்தினரும் குழந்தைகளும் முதியோரும் தேடுவது சுவரையே, தொலைபேசியை அன்று.

மலிவான கருவிகள் பல 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையை மட்டுமே அறிவன. ரவுட்டர் இரு அலைகளையும் ஒரே பெயரில் வழங்குமாயின் இணைக்கும்போது இடர்ப்படும். இசற்-வேவ் கருவிகளோ நாட்டுக்கு நாடு மீடிறன் வேறுபடுவன: ஐரோப்பியருக்கு 868 மெகாஹேட்ஸ், அமெரிக்கருக்கு 908. உறவினர் இருவர் இரு நாட்டிலிருந்து கொணர்ந்தவை எக்காலத்தும் சேரா. கடற்காற்றின் உப்போ எவர் மொழியையும் மதிப்பதில்லை. வெளியிற் பொருத்துவன நன்கு மூடப்பெற்றிருத்தல் வேண்டும். படக்கருவியைப் பொறுத்தவரை யாம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வோம். வாயிலுக்கு வெளியே நோக்குவது காவல். வீட்டின் உள்ளே நோக்கும் படத்தைப் பிறநாட்டுச் சேவையகத்தில் வைத்தல் பெண்டிரும் பிள்ளைகளும் வாழும் மனைக்குத் தகாது.

சூரியத் தகடுகளைப் பற்றியும் ஒரு சொல். 2016 இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமம்’ என்னுந் திட்டத்தின் பின் கூரைகளில் இவை பெருகின. பொது மின்வலையோடு மட்டும் பிணைந்த இன்வேட்டர், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியிற் பழுதுபார்ப்போர்க்கு உயிராபத்து நேராமைப்பொருட்டு அவ்வாறு அமைத்துள்ளனர். மின்கலத்தோடு கூடியதே அவ்வேளையிற் பயன்படும். ஒவ்வோர் இன்வேட்டரும் தன் நிறுவனத்தின் செயலியிலேயே கணக்குக் காட்டுமாயினும், அவற்றுட் பல 1979 இற் பிறந்த மொட்பஸ் என்னும் பழைய தொழிற்சாலை மொழியையும் அறியும். இரு கம்பியாற் பிணைத்தால், வீட்டுத் துபாசி நேரே கேட்டுணரும். மின்கலம் நிறைந்தபின் எஞ்சும் நண்பகல் மின்னைக் கொண்டு கிணற்று இயந்திரத்தை இயக்கித் தாங்கியை நிரப்பலாம். மாலை மின்வெட்டுக்குள் நீர் மேலேறியிருக்கும். தகடு ஒரு நிறுவனம், ஆளி ஒரு நிறுவனம், நீர்மட்ட உணரி பிறிதொன்று. மூன்றும் ஒன்றன் பெயரை ஒன்று அறியா. வேலை மட்டும் நடைபெறும்.

இறுதியாக, மற்றர் கருவிகளிற் பொறித்த அந்தப் பதினோரிலக்க எண்ணைப் பற்றிக் கூறுதல் வேண்டும். சிறு ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்ட அவ்வெண் உப்புக்காற்றிலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். கருவியைத் தொடக்கநிலைக்கு மீட்டபின் அவ்வெண் இல்லையெனின், எந்த நெசவிலும் அதனைச் சேர்த்தல் அரிது. ஆதலால் கருவி வாங்கிய அன்றே எண்ணையும், அது பொருத்தப்பட்ட இடத்தையும், கணக்குகளின் கடவுச்சொற்களையும் ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பெட்டியிலே, உம்மாவின் கைக்கெட்டுமிடத்தில் வைத்தல் வேண்டும்.